யார் கையில் பட்ட பந்து

பம்பு செய்யும் தொழிற்சாலையில் லேத் மிஷின் ஓட்டிய அந்த மனிதரை எல்லாரும் ‘கைதூக்கி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பேர் என்றால் அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். மரியாதைக்கு வைத்த பேர் என்பதுதான் அவரைக் குத்தியது.

பேர் வந்த கதை ஊரறிந்தது. தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த வாலிபால் போட்டியின் இறுதி ஆட்டம். வலையை ஒட்டி அவரும் தம்பியும் தோளோடு தோளாக நின்றார்கள். அவர் நிரந்தர ஊழியர். தம்பி அதே இடத்தில் தினக்கூலிக்கு பெயின்ட் அடிப்பவன். கோப்பையோடு வந்தால் தம்பியை நிரந்தரமாக்குவதாக மேலாளர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். தம்பியின் கல்யாணமே அந்த வேலையை நம்பித்தான் நிச்சயமாகியிருந்தது.

கடைசி செட். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை இவர்களுக்கு. எதிரணி ஓங்கி அடித்த பந்தைத் தடுக்க அண்ணனும் தம்பியும் சேர்ந்து எம்பினார்கள். பந்து அவர்களைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் விசில் ஊதி இவர்கள் பக்கம் கை காட்ட, மைதானமே ஆர்ப்பரித்தது. ஆனால் பந்து யார் விரலையாவது உரசியிருந்தால் புள்ளி எதிரணிக்குத்தான். அதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதற்காகவே பயிற்சியாளர் ஒரு கண்டிப்பான வழக்கம் வைத்திருந்தார்: பட்டவன் தானே கையைத் தூக்க வேண்டும், அடுத்தவன் வாயே திறக்கக் கூடாது.

அண்ணன் கையைத் தூக்கினார். புள்ளி மாறியது. அடுத்த இரண்டு பந்திலும் கோட்டைவிட்டார்கள்.

தம்பிக்கு வரவிருந்த நிரந்தர வேலை போயிற்று, கல்யாணம் நின்றது, அண்ணனோடு பேச்சும் அறுந்தது. ஒரு பையில் துணிமணியைத் திணித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன், ஊரின் மறுகோடியில் வாடகை அறை எடுத்து, கிடைத்த இடத்தில் பெயின்ட் அடித்தே காலத்தை ஓட்டினான். பத்தொன்பது வருடம். எதிரே அண்ணனைப் பார்த்தால் சட்டென்று பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவான்.

அண்ணனுக்கோ பேரும் புகழும். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் அவர்தான் பேச்சாளர். “மனுஷன் எப்படிப்பட்டவன்னு ஆட்டம் காட்டிக் குடுத்துடும். கடவுள் பாக்குறாருன்னு நம்புறவனுக்கு நடுவரே தேவையில்ல” என்பார். பிள்ளைகள் கைதட்டித் தீர்ப்பார்கள். அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது.

பந்து பட்டது தம்பியின் சுண்டுவிரலில். பக்கத்தில் நின்று அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். இவன் எங்கே சொல்லப்போகிறான், பொய்யாக வாங்கிய வேலை இவனுக்கு நிலைக்காது, தோற்ற பழியும் இவன்மேல் வரக்கூடாது என்று அந்த ஒரு நொடியில் என்னென்னவோ நினைத்துத் தன் கையைத் தூக்கிவிட்டார். தம்பிக்காகச் செய்த தியாகம் என்றே நம்பிக்கொண்டிருந்தார், பாவி மனிதர். தினமும் லேத்தை ஓடவிடுமுன் கண்ணை மூடி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: தம்பி தன்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும்.

கடவுள் காது கொடுத்தார், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பெயின்ட் புகை தம்பியின் நுரையீரலைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். தம்பியே ஆள் அனுப்பி அண்ணனை வரச் சொல்லியிருந்தான்.

“உக்காருண்ணே.”

அந்த ஒரு சொல்லுக்கே அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “வேலை போச்சேன்னு இன்னும் கோவமாடா?”

“வேலை கெடக்குது விடு. அன்னிக்குப் பந்து யார் கைல பட்டுச்சு?”

“உன் கைல” என்றார் அண்ணன்.

“தெரிஞ்சுதான் தூக்குனியா?”

“உன்னைக் காப்பாத்தத்தான்டா...”

தம்பி மூச்சு வாங்கினான். “என் கை பாதி எழுந்துருச்சுண்ணே. நான் தூக்கத்தான் போனேன். அதுக்குள்ள உன் கை மேல நிக்குது. ஆளாளுக்கு உன்னைத் தட்டிக் குடுக்குறாங்க. அப்புறம் நான் சொன்னா எவன் நம்புவான்? என் தம்பி யோக்கியன்தான்னு ஒரு நொடிகூட உனக்குத் தோணலையா?”

கண்ணில் படாத கடவுளை ஆயுசு முழுக்க நம்பியவர், தோளோடு தோள் நின்ற உடன்பிறப்பை நம்பவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

“அழாதண்ணே. கேக்கணும்னு இருந்தேன், கேட்டுட்டேன்.”

மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

துக்கம் கேட்கப் பழைய அணிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். தலை நரைத்த பயிற்சியாளர், “தம்பியோட வேலையே போனாலும் உண்மையை விடாத ஆளுப்பா நீ” என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். “பந்து என் கைல படல. அவன் கைலதான் பட்டுச்சு. அவனே சொல்ல வந்தான். நான்தான் முந்திக்கிட்டேன்.”

பயிற்சியாளர் அவர் தோளைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“எவ்வளவு பாசம் பாத்தியா? செத்த தம்பிக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்க, பொய்யே சொல்லாத மனுஷன் பொய் சொல்றாரு.”