டெசா வரைந்த இலை

அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்து நோவிட்ஸ்கி குடும்பத்தில் ஒருவரும் தன் தப்பை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. மூத்தவர் லியோன் அண்டை வீட்டு வேலியைக் காரால் இடித்துச் சாய்த்துவிட்டு, வேலி முன்னமே சாய்ந்துதான் இருந்தது என்று சாகும்வரை சாதித்தவர். அவருடைய தம்பி ரோமன் பெற்ற ஒரே மகள்தான் டெசா.

அவள் படித்த பள்ளியில் ஒரு வசந்தத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். பூங்காவில் களை பிடுங்க ஊர்ஜனம் வரவேண்டும், அதற்குப் போஸ்டர் செய்யுங்கள் என்று. பதினொரு பேர் செய்ததில் டெசாவினுடையதைப் பூங்காக் குழு எடுத்துக்கொண்டது. வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பெரிய பச்சை இலை. கீழே, 'இதைக் கண்டால் வேரோடு பிடுங்குங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி.' பஸ் நிறுத்தம், ரொட்டிக் கடை என்று எங்கும் அந்த இலைதான். அதுவரை அவளை 'பரவாயில்லையே' என்றுகூட யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை அத்தை ஜெனிவீவ் தன் பிக்கப் வண்டியில் அவளை அழைத்துப் போனாள். முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரம் மகள் வீட்டில் கிடந்தவள், முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். பூங்காவின் வடக்குச் சரிவில் ஆறு வருஷமாகக் களையை ஒழித்து ஊதாப் பூ பூக்கும் வயலட் செடி வைத்து வளர்த்தவள் அவள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது டெசா மடியிலிருந்த போஸ்டரை விரித்துக் காட்டினாள்.

அத்தை அதையே பார்த்தாள். "எதப் பாத்து வரைஞ்ச?"

"உங்க சரிவுலதான் அத்தை. ஒரு இலையப் பறிச்சிட்டு வந்து."

"கசக்கி மோந்தியா?"

"அப்ப எனக்குச் சளி. மூக்கே வேலை செய்யல."

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், கசக்குனா பூண்டு வாசனை வரணும்டி. அதான் களை. நீ வரைஞ்சிருக்கறது என் வயலட்டு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகிவிட்டிருந்தது.

இந்த ஊர்க்காரர்களோ ஒன்பது என்றால் எட்டரைக்கே வந்துவிடுகிற ஜனம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அறுபது பேர் சரிவில் குனிந்திருந்தார்கள்.

"என்னால ஏற முடியாது. நீ போ," என்றாள் அத்தை.

டெசா ஓடினாள். அவளோடு படிப்பவன், போஸ்டர் போட்டியில் தோற்ற கார்டெல், எதிரே வந்தான். "உன் இலைதான், மூணு சாக்கு ஆச்சு. உன் போஸ்டர் ஜெயிச்சப்ப வயிறு எரிஞ்சுது. இப்ப சொல்றேன், நல்ல வேலை."

அவள் சரிவைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் நிறுத்துங்க" என்று கத்தினாள். முகங்கள் திரும்பின. "அது... அச்சடிச்சப்ப..." என்று ஆரம்பித்தாள். லியோன் பெரியப்பாவின் வேலி அவள் நாக்கில் ஏறி நின்றது. கார்டெலின் சாக்கு வாயில் வெள்ளை வேர்கள் மண் உதிர்ந்து தொங்கின.

"அச்சுல ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பான செடிய வரைஞ்சிட்டேன். நீங்க புடுங்குனது எங்க அத்தை வச்ச வயலட்டு."

ஒரு கிழவர் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். "அப்ப எதத்தான் புடுங்கணும்?"

அவள் மண்டியிட்டுத் தேடினாள். நாலைந்து இலைகளைக் கசக்கி முகர்ந்தபின் ஒன்றை அவர் மூக்கருகே நீட்டினாள். "பூண்டு" என்றார் அவர்.

மத்தியானம் வரை அறுபது பேரும் சாக்கைக் கவிழ்த்து வயலட்டைத் திரும்ப நட்டார்கள். கார்டெல் தண்ணீர் சுமந்தான். வண்டிக்குத் திரும்பியவளை அத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உங்க பெரியப்பனா இருந்தா செடி மேலயே பழியப் போட்டிருப்பான்," என்றபடி வண்டியைக் கிளப்பினாள்.

நட்டதில் பாதிதான் பிழைத்தது. டெசா வளர்ந்து இப்போது அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கடையில் கீரை வாங்கினால்கூட ஒரு இலையைக் கசக்கி முகராமல் பையில் போடுவதில்லை.