வசந்தி மாறி உட்கார்ந்த இடம்

போன வாரம் எங்கள் பீங்கான் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். அச்சு உலர்த்தும் கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்து, பாடம் நடத்தும் வேலையை லேபில் இருக்கும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பெஞ்சுகளும் டெஸ்க்குகளும் லாரியில் வந்து இறங்கின. வழியில் மழையில் நனைந்திருந்தன. நனைந்த பழைய பெஞ்சின் வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? மரம், இங்க், தேங்காயெண்ணெய், யாரோ எப்போதோ சிந்திய புளிச்சோறு எல்லாம் கலந்த வாசனை. எனக்கு அது பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது, பிடிக்காது என்றும் சொல்ல முடியாது.

பெஞ்சுகளை இறக்கிய ஆறுமுகம் அண்ணன், "மேடம், எல்லாத்தையும் வரிசையா போட்டுடட்டா?" என்று கேட்டார்.

"வாணாம்ண்ணே. நாலு நாலு பேரா எதிரெதிர்க்க உக்கார்ற மாதிரி போடுங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் யோசனை இல்லை என்று உறைத்தது. அது ஸ்ரீமுஷ்ணம் டீச்சருடைய யோசனை. இத்தனை வருஷமாக நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் யோசனை. அதுவே என் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கு என் மேலேயே எரிச்சல்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். விருத்தாசலத்தில், பெண்கள் பள்ளியில். வகுப்பு லீடர் நான். லீடரின் முக்கியமான வேலை, யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு அட்டையில் கட்டம் போட்டு எழுதி மேஜை மேல் வைப்பது. குட்டையானவர்கள் முன்னால், வளர்ந்தவர்கள் பின்னால். ஒரே உயரத்தில் இருவர் இருந்தால் லீடர் சொல்வதுதான் முடிவு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு இங்க்கில் பெஞ்சு எண், நீல இங்க்கில் பெயர். இன்றைக்கு லேபில் என் மேஜையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த அட்டையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. அதில் வருஷம் மாறினாலும் மாறாத ஒரு கட்டம் உண்டு. இரண்டாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம் நான், எனக்கு இடப்பக்கம் வசந்தி.

வசந்தி என் ஆறாம் வகுப்புத் தோழி. அவள் அப்பா ஒரு சின்ன செராமிக் யூனிட்டில் சூளை அடுக்குபவர். அக்கா அதே யூனிட்டில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தாள். வசந்தி நன்றாகப் பாடுவாள், நன்றாகச் சிரிப்பாள், கணக்கு மட்டும் வராது. வராது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. வீட்டுக் கணக்கு, வகுப்புக் கணக்கு எல்லாம் அவளுக்குச் சரியாகவே இருக்கும். பரீட்சைக்குப் பதிவு எண்படி வேறு வகுப்புப் பெண்களோடு கலந்து உட்கார வைப்பார்கள். அங்கே போனால் பெயிலாகிவிடுவாள். பயந்துவிடுகிறாள் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் காலாண்டுத் தேர்விலும் பெயில். அவள் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். முழுப்பரீட்சையிலும் கணக்கில் போனால் பள்ளிக்கூடம் கிடையாது, அக்காவோடு கம்பெனிக்குத்தான். வசந்தி அதை எனக்குச் சொன்னபோது அழவில்லை. "எங்கக்காவுக்கு வெரலெல்லாம் வெடிச்சிக் கெடக்குதுடி" என்று மட்டும் சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று யோசிக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறேன், அது போதாதா?

அந்த நேரத்தில்தான் எங்கள் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போக, அவர் இடத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் வந்தார். தினமும் பஸ்ஸில் வந்து போவார். பெயரைச் சொல்லாமல் ஸ்ரீமுஷ்ணம் டீச்சர் என்றே எல்லோரும் சொன்னோம். நல்ல ஆகிருதி, மெல்லிய குரல். முதல் வாரம் போர்டில் கணக்கை எழுதிவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். அது எங்களுக்குப் புதுசு. டீச்சர் என்றால் எதிரில் நிற்பவர்தானே. முதுகுக்குப் பின்னால் ஆள் நடந்தால் கழுத்து கூசும்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குள் போனால் வரிசைகளே இல்லை. இரண்டு இரண்டு டெஸ்க்காக எதிரெதிராகச் சேர்த்து, நாலு பேர் முகம் பார்த்து உட்காரும்படி போட்டு வைத்திருந்தார். என் அட்டை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்பக்கத்தில் அவரே பென்சிலில், கோணலாக, ஸ்கேல்கூட வைக்காமல் புதுக் கட்டங்கள் வரைந்திருந்தார். நான் வாசல் பக்கத்துக் குழுவில். வசந்தி எதிர்ச் சுவர் ஓரத்தில், அஞ்சலையோடு.

அஞ்சலையைப் பற்றி நியாயமாகச் சொல்ல எனக்கு வராது, இருந்தாலும் முயற்சி செய்கிறேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பாதி நாள் முதல் மணி அடித்த பிறகுதான் வருவாள். கணக்கில் முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவள். எதைப் போட்டாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவாள், சந்தையில் பேரம் பேசுவதுபோல. பையில் எப்போதும் அவித்த மல்லாட்டை இருக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவள் உட்கார்ந்த இடத்தில் தோல் கிடக்கும். கூட்டிப் பெருக்க ஆள் போடுவதும் லீடரின் வேலைதான் என்பதால் எனக்கு அந்தத் தோலின் கணக்கு நன்றாகத் தெரியும்.

இடைவேளையில் டீச்சரிடம் போனேன். வசந்தி என் பக்கத்தில் இருந்தால் நான் சொல்லிக்கொடுப்பேன், அவள் தேறியே ஆக வேண்டும் என்று விஷயத்தையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"உன் நோட்டையும் அவ நோட்டையும் பாத்தம்மா. போன வாரம் நீ ஒரு கணக்குல தப்பு பண்ணியிருந்த. அதே வரில அவளும் அதே தப்பு" என்றார். பிறகு, "நீ வேகமாப் போட்டுடற. நீ முடிக்கிற வரைக்கும் அவ பேனாவத் தொறக்கறதே இல்ல. பின்னாடி நின்னு பாத்தாத் தெரியுது" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிற்பாடு செராமிக் டிப்ளமா படிக்கும்போது, சூளை அடுக்கும் பாடத்தில் முதலில் சொன்னது, பளபளப்புக்காகக் கிளேஸ் பூசிய சாமான் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பது. தொட்டால் நெருப்பில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் இரண்டும் உடையும். வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் வாத்தியாரை முறைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்கு எதற்கென்று தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. எதிர்ச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்து, ஒரு குறை கண்டுபிடித்தேன். காலை வெயில் போர்டில் பட்டு, வசந்தி இருக்கும் இடத்துக்குப் பளபளவென்று அடித்தது. எழுத்து பாதி தெரியவில்லை. பொய் இல்லை, உண்மையான குறை. டீச்சரிடம் சொன்னேன். வசந்தியை மட்டும் என் பக்கம் மாற்றினால் சரியாகிவிடும் என்று தீர்வையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் உடனே போய் வசந்தியின் இடத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் அவர் நுழைந்ததே ஒரு காட்சி. வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டது. "ஆமாம்மா, தெரியல" என்றார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குழுவாகப் போய், ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பார்த்தார். தூணுக்குப் பின்னால் இருந்தவளிடம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவளை யாரும் கேட்கவில்லையாம். உயரத்தை மட்டும் அளந்து அட்டை போட்ட என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாள் போர்டே இடம் மாறியிருந்தது. வாட்ச்மேனை வைத்து எதிர்ச் சுவருக்கு அருகில் சாய்த்து நிறுத்தி, குழுக்களை எல்லாம் அதற்குத் தகுந்தபடி திருப்பிவிட்டார். வகுப்பிலேயே நல்ல இடம் இப்போது யாருடையது என்கிறீர்கள்? போர்டுக்குப் பக்கம், வேப்பமரத்துக் காற்று, நிழல். வசந்தியும் அஞ்சலையும் ராணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என் முதுகில் வெயில் அடித்தது.

"லீடருக்குத் தேங்ஸ் சொல்லுடி, நம்ம எடத்துக்கு வெயில் வராம பண்ணிட்டாங்க" என்று அஞ்சலை வசந்தியிடம் சொன்னாள். கேலியா, நன்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேலியாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கணக்கு வகுப்பு என்பது எதிர்க் குழுவைப் பார்க்கும் வகுப்பாகிவிட்டது. என் குழுவில் இருந்த மூன்று பேருக்கும் நானே போட்டுக் கொடுத்துவிட, டீச்சர் வந்து என் பேனாவை மூடிவைத்துவிட்டுப் போவார். அங்கே அவர்கள் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் கூட்டலாக இருப்பது அந்தப் பக்கம் போனால் கழித்தலாகும். நான் இதை வசந்திக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், அவளும் தலையாட்டியிருக்கிறாள். அன்று அவள் அஞ்சலையிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"அது ஏன்டி அந்தாண்ட போனா மைனஸ் ஆவுது?"

"எனக்கு மட்டும் என்னா தெரியும்? இரு, போட்டுப் பாப்போம்."

டெஸ்க்கின் நடுவில் ஒரு விரிசல் உண்டு. அஞ்சலை அதற்கு இரண்டு பக்கமும் மல்லாட்டையைப் பரப்பினாள். இரண்டு பக்கமும் சமம். ஒரு பக்கத்தில் சிலவற்றை மூடிய கையால் மறைத்து, அதுதான் தெரியாத எண் என்றாள். அதைக் கண்டுபிடிக்க, மறைக்காததை எடுக்க வேண்டும். இந்தப் பக்கம் எடுத்தால் சமம் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விழித்தார்கள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. டீச்சர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தேன். வசந்தி மெதுவாகக் கையை நீட்டி, அந்தப் பக்கத்திலிருந்தும் அதே அளவு எடுத்தாள். பிறகு அஞ்சலையைப் பார்த்தாள். "அதான்" என்றாள். எடுத்ததை இருவரும் ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள்.

மூன்று வருஷம் என் பக்கத்தில் இருந்தவள் என்னிடம் ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. என்னைவிடக் கணக்கு தெரியாத ஒருத்தியிடம் கேட்டாள். அவளுக்கும் தெரியாது என்பதால்தான் கேட்டாள் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் ஒன்றும் குறையவில்லை.

முழுப்பரீட்சை முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று லீடர் என்ற முறையில் நான்தான் முதலில் பார்த்தேன். வசந்தி தேறியிருந்தாள், தாராளமாகவே. கம்பெனி இல்லை, பத்தாம் வகுப்பு உண்டு. சொல்ல வேண்டும் என்று ஓடினேன். அவள் எதிரில் வந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, என்னைத் தாண்டி, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அஞ்சலையை நோக்கி ஓடினாள். "தேறிட்டண்டி" என்று கத்தினாள். நான் கொண்டுவந்த செய்தி என் வாயிலேயே இருந்தது.

பத்தாம் வகுப்பில் பழைய டீச்சர் லீவு முடிந்து திரும்பிவிட்டார். பழைய வரிசைகளும் திரும்பின. புது அட்டை எழுதினேன். இரண்டாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம் நான், இடப்பக்கம் வசந்தி. முதல் நாள் அவள் வந்து பெஞ்சருகில் நின்றாள், உட்காரவில்லை.

"நான் அஞ்சலகிட்டயே குந்திக்கிறன்டி. உன்னாண்ட இருந்தா பாத்து எழுதிப்புடுவன்" என்றாள்.

மனம் நோகும்படி சொல்லவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் பாயசத்தை மறுப்பதுபோல், உன் பாயசத்தில் குறையில்லை என்கிற மாதிரி சொன்னாள். நான் சரி என்றேன். அட்டையில் அவள் பெயரை அடித்துவிட்டு எழுத மனமில்லாமல், முழு அட்டையையும் மறுபடி எழுதினேன்.

வசந்தி இப்போது நெய்வேலியில் ஒரு சொசைட்டியில் கணக்கு எழுதுகிறாள். அஞ்சலை வேப்பூரில் கணவரோடு ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். இந்தத் தை மாதம் திருச்சி போகும்போது எங்கள் பஸ் அங்கேதான் நின்றது. "வாங்க லீடரு" என்று இலை போட்டாள். வசந்தி முந்தாநாள்தான் பிள்ளையோடு வந்து ஒரு பகல் பூராவும் இருந்துவிட்டுப் போனாளாம். குழம்பு நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் பள்ளியில் அந்தக் கட்டடம் இல்லை. புதுக் கட்டடத்தில் பெஞ்சும் டெஸ்க்கும் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்து வந்திருக்கின்றன. யாரும் திருப்பிப் போட முடியாது. ஸ்ரீமுஷ்ணம் டீச்சர் அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டால் அலுவலகத்தில் சொல்லத் தெரியவில்லை. என்னை டி போட்டுக் கூப்பிட ஒருவரும் இல்லை, மேடம் ஆகிவிட்டேன். இவை எல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இடப்பக்கத்தில் ஒருத்தி பேனாவைத் திறக்காமல், நான் எழுதி முடிக்கட்டும் என்று என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தாளே, அப்படி ஒருவர் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.