என் செட்டில் ஊரான் குரல்

எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில் காட்டேஜ் கட்டியிருப்பது என் கணவரின் அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பாகம் பிரித்தபோது மேல் பாதி அவருக்குப் போனது, கிணறு இருக்கிற கீழ்ப் பாதி எங்களுக்கு வந்தது. தண்ணீர் ரெண்டு பேருக்கும் பொது. மோட்டார் சுவிட்ச் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு அறைகள் எழுப்பினார். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் இடம் கிடைக்காதவர்கள் சனி, ஞாயிறானால் மாரமங்கலம் ரோட்டில் இறங்கி எங்கள் பக்கம்வரை வந்துவிடுகிறார்கள். அவர் பிழைப்பு அது, எனக்கொன்றும் குறையில்லை. ஆனால் அந்தக் காட்டேஜின் பால்கனியை என் சமையலறை ஓட்டுக்கு மேலே வந்து தொங்கும்படி கட்டினாரே, அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் செட் இருக்கிறது. ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கேசட் போடும் இடம், தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தேன். காலை முதல் மாலைவரை சர்க்யூட் போர்டில் ஈயம் பற்றவைக்கும் வேலை. அங்கே இருக்கும்போது பழைய சாமான் கடையில் வாங்கியது இந்த செட். கேசட்டைச் சுற்றும் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு பல வருசம் ஆகிவிட்டது. ரேடியோவும் மழைக்காலத்தில் இரைச்சல்தான். ஆனால் ஸ்பீக்கர் இன்னும் கணீரென்று இருக்கும்.

என் மகள் கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறாள். ஃபோனில் பேச நேரமில்லாதபோது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள், நீளநீளமாக. மிக்ஸி ஓடினால் ஃபோனின் சத்தம் எனக்குக் கேட்காது. அதனால்தான் அந்த செட்டில் புளூடூத் வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் இருக்கும் ஒரு ரிப்பேர் கடைக்கு நானும் என் கணவரும் அதைக் கொண்டுபோனோம். ரேடியோவையும் கேசட்டையும் அப்படியே விட்டுவிட்டு புளூடூத் மட்டும் சேர்க்க முடியுமா என்று நான் கேட்டேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணா, இத எடைக்குப் போட்டுட்டு அக்காவுக்குப் புதுசா ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்துருங்க.”

கேட்டது நான். பதில் அவருக்கு. செட்டைக் கடைக்காரர் மேசையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மகளிடம் சொல்லி ஆன்லைனில் ஒரு சின்ன புளூடூத் போர்டு வாங்கவைத்தேன், கட்டைவிரல் அளவுதான். செட்டில் ஓடும் கரண்ட் அதற்கு அதிகம், அதைக் குறைத்துக் கொடுக்க இன்னொரு போர்டு. முதுகுப் பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, கேசட்டிலிருந்து சத்தம் போகிற ஒயரைத் தேடிப் பிடித்து, அதில் புளூடூத்தின் ஒயரைச் சேர்த்தேன். முதலில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் வந்தது. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, கரண்ட் கொடுக்கிற போர்டை மாற்றிய பிறகுதான் அது நின்றது. மகளின் குரல் ரெண்டு ஸ்பீக்கரிலும் வந்து “அம்மா, சாப்டியா?” என்று கேட்டபோது தோசையைத் திருப்ப மறந்துவிட்டேன்.

ரெண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு சனிக்கிழமை மகள் பேசிக்கொண்டிருக்கும்போது ஃபோனை எடுத்துக்கொண்டு கோழிக்குத் தீனி போடப் போனேன். திரும்பி வந்தால் செட்டில் ஏதோ ஒரு குத்துப்பாட்டு அலறிக்கொண்டிருக்கிறது. என் ஃபோனில் அந்தப் பாட்டே கிடையாது. நான் பற்றவைத்ததில்தான் தப்பு என்று நினைத்து மறுபடியும் முதுகைக் கழற்றி, ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். அப்போது செட்டிலிருந்து ஒரு ஆண் குரல், “ஆண்டி, டான்ஸ் ஆடுங்க ஆண்டி!” என்றது. அதே நேரத்தில் மேலே பால்கனியில் சிரிப்பு.

அந்த போர்டுக்குப் பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. என் ஃபோன் கொஞ்சம் தூரம் போய்த் தொடர்பு விட்டுப்போனால், பக்கத்தில் இருக்கிற எந்த ஃபோனும் அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு பாட்டோ பேச்சோ போடலாம். மேலே இருந்தவர்களுக்கு அது தெரிந்துவிட்டது.

மாமாவிடம் போய் மரியாதையாகத்தான் சொன்னேன். “ஏனுங் மாமா, உங்க காட்டேஜுக்கு வர்றவிய என்ற ஊட்டு செட்ல பாட்டுப் போடறாங்க. கொஞ்சம் சொல்லி வெய்யுங்க.”

அவர் சிரித்தார். “சின்னப் பசங்க சாமி. ஜாலிக்கு வர்றாங்க. நீ எதுக்கு அதயெல்லாம் கண்டுக்கற?”

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளிர் குழுக் கூட்டம் என் வீட்டில். பெண்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். செட்டில் நான் செய்த வேலையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒளிப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மாமா ஃபோன் செய்தார். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வாசலைத் தாண்டி ஆரஞ்சு மரம்வரை போனால்தான் பேச முடியும். போனேன். காட்டேஜ் டேங்கில் தண்ணீர் தீரப்போகிறது, மோட்டாரைப் போடு என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வாசலுக்கு வரும்போதே கேட்டுவிட்டது. பாட்டு இல்லை. ஒரு ஆணும் பெண்ணும். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். என் கூடத்தில், ரெண்டு ஸ்பீக்கரிலும், முழு வால்யூமில். பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் மகளின் காதைப் பொத்தியிருந்தாள். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த அமைதியில் ஒருத்தி கேட்டாள்: “ஏனுங்க்கா, ஊட்ல தனியா இருக்கறப்ப இதத்தான் கேக்கறீங்களா?”

சிலர் சிரித்தார்கள். 

மேட்டுப் படியில் செருப்புகூடப் போடாமல் ஏறினேன். பால்கனியில் மூன்று பேர், முப்பதைத் தாண்டியவர்கள். நல்ல சட்டை, நல்ல ஷூ. சின்னப் பசங்களாம்! “யாரு போட்டது?” என்றேன். ஒருத்தன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். “சும்மா ஃபன்னுக்கு ஆண்டி. டென்ஷன் ஆகாதீங்க. நீங்க லாக் போட்டு வெச்சிருக்கணும்.”

“உன்ற ஊட்டுக் கதவு தொறந்து கிடந்தா நான் உள்ள வந்து அசிங்கம் பண்ணலாமா?” என்று கத்தினேன். “கீழ வந்து அந்தப் பொம்பளைககிட்ட, நாங்கதான் போட்டோம்னு சொல்லுங்க. இப்பவே.”

சத்தம் கேட்டு மாமா வந்தார். என் பின்னாலேயே என் கணவரும் வந்து நின்றார். மாமா என்னிடம்தான் பாய்ந்தார். “கஸ்டமர்கிட்ட இப்படியா பேசுவ? கண்டபடி ரிவ்யூ எழுதிட்டா எவன் வருவான்?” என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். “விடு புள்ள. மொதல்ல அந்த டப்பாவத் தூக்கிப் போட்டிருந்தா இந்த வம்பே இல்ல.”

அந்த மூன்று பேர்மேல் இருந்த கோபத்தைவிட அந்த ஒரு வாக்கியத்தின்மேல் வந்த கோபம் பெரிது. அசிங்கம் செய்தவன் நிற்கிறான். என் கை செய்த வேலையைத் தூக்கிப் போடச் சொல்கிறார், என் புருஷன்.

நான் கையை உதறிவிட்டுக் கீழே இறங்கினேன். மோட்டார் ரூமுக்குப் போய் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். நம்பினவர்களும் இருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாமா வாசலில் வந்து நின்றார். “மோட்டாரு ஏன் ஓடல? மேல ஒருத்தரு தல நெறைய சோப்போட நிக்கறாரு!”

“அவிய வந்து சொல்லட்டுங் மாமா. சொன்னதும் ஓடும்.”

“கெணறு எனக்கும் பொதுதான், ஞாபகம் வெச்சுக்கோ.”

“மானமும் பொதுதானுங் மாமா. நானும் இந்த ஊட்டு மருமகதான்.”

அவர் என்னைத் திட்டினார், என் அப்பனைத் திட்டினார், தம்பியைக் கூப்பிட்டுத் திட்டினார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். சோப்பு போட்டவன் துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான், காதோரம் நுரை காய்ந்திருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தவன் வாசற்படிக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்து, “நாங்கதான் போட்டோம். சாரி,” என்றான்.

“எனக்குக் கேக்கல. அவங்களப் பாத்துச் சொல்லுங்க.”

நிமிர்ந்து பெண்களைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னான். அவன் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று பார்த்தேன். எரிச்சல்தான் இருந்தது. ஃப்யூஸைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டேன். அவர்கள் சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் செட்டைத் திறந்து, புளூடூத் போர்டுக்குப் போகிற கரண்டில் ஒரு தனி சுவிட்ச் வைத்தேன். இப்போதெல்லாம் ஃபோனோடு வெளியே போகும்போது அதை அணைத்துவிட்டுத்தான் போகிறேன். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். என் வீட்டில் என் பொருளுக்கு நான் எதற்குப் பயந்து பூட்டுப் போட வேண்டும்? அன்றைக்குக் கேள்வி கேட்டவள் கூட்டத்துக்கு என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாமா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தோட்டத்து ஆளை அனுப்புகிறார், நானும் போட்டுவிடுகிறேன்.

போன வாரம் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “ஒரு சின்ன விசயம். அதுக்கு அண்ணன் தம்பி பேச்சே நின்னு போச்சு பாரு.”

“சின்ன விசயமுங்களா? அன்னைக்கு அத்தன பேரு முன்னால நீங்க உக்காந்திருந்து அந்தக் கேள்விய உங்களக் கேட்டிருந்தா?”

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.