பத்து விரலுக்கு ஒரு பேண்டு

எங்கள் வீட்டில் பியானோ இருந்ததில்லை. சமையல் மேடைதான் இருந்தது. உலை கொதிக்கக் காத்திருக்கும் நேரத்தில் அம்மா அதன்மேல் பத்து விரல்களையும் பரப்பி ஓட விடுவாள். சத்தம் வராது, ஆனாலும் ஏதோ வந்துகொண்டிருப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு முன்னால், திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு சிஸ்டர் பியானோவில் சொல்லிக்கொடுத்த மேல்நாட்டுப் பாட்டு. அதன் பெயர் மறந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் வாசித்துக் கேட்டதில்லை என்பாள். விரல்கள் மட்டும் மறக்கவில்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் நான் படித்த பள்ளியில்தான் அவள் பாட்டு டீச்சர். பேண்டும் அவள் பொறுப்பு. அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு வழக்கமான அணிவகுப்பு மெட்டு கிடையாது, இந்தப் பாட்டுத்தான் என்று முடிவு கட்டினாள். இங்கே யாருக்கு இது புரியப்போகிறது என்று அப்பா கேட்டார். அம்மா பென்சிலைச் சீவினாள். வலது கை வாசிப்பதைக் கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் பிரித்தாள். இடது கையின் முதல் தட்டு பெரிய டிரம்முக்கு, அடுத்த இரண்டும் டிரம்பெட்டுகளுக்கு.

பெரிய டிரம் என்னுடையது. ஓர் அடி, அப்புறம் சும்மா நிற்க வேண்டும். எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"எடது கை சுண்டுவெரல் வேலைடி அது. அது இல்லாட்டி மத்த வெரலுக்கு நிக்க எடமில்ல" என்றாள் அம்மா.

சிக்கல் காலில் வந்தது. நாங்கள் அணிவகுப்பிலேயே வளர்ந்த பேண்டு. வாத்தியம் கைக்கு வந்தாலே கால் இடது, வலது என்று போய்விடும். இந்தப் பாட்டோ மூன்று மூன்றாக வந்தது. இரண்டு காலை வைத்துக்கொண்டு மூன்றை என்ன செய்வது? இடது கால் விழும்போதெல்லாம் நான் அடித்தேன், பாட்டு கவிழ்ந்தது. நிற்கச் சொன்னால் கால் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தால், தொங்குகிற காலும் அணிவகுத்து முன்வரிசைக்காரியின் முதுகை உதைத்தது. வெள்ளிக்கிழமை வந்து கேட்பேன், சரிவராவிட்டால் பழைய மெட்டுதான் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார்.

அம்மா வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொன்னாள்.

"முளைப்பாரிக்குக் கும்மி அடிப்பீங்கல்ல? அத அடிங்க."

பூத்திருந்த முந்திரி மரத்தடியில் வட்டமாகச் சுற்றினோம். பையன்கள் முதலில் கூசினார்கள், பிறகு எங்களை மிஞ்சினார்கள். கும்மிக்குக் கால் மூன்றில்தான் போகிறது. எங்களில் யாரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. முதல் தட்டு ஒருமுறை இடது காலில், மறுமுறை வலது காலில்.

"அந்தத் தட்டுதான் ஒன் டிரம்" என்றாள் என்னிடம்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குங்க டீச்சர். ஆனா புள்ளைங்க கும்மி அடிக்கிற மாதிரியே அசையுதுங்களே?"

"கும்மிதாங்க சார்" என்றாள் அம்மா, சிரிக்காமல்.

அவர் ஒன்றுதான் கேட்டார். விருந்தினருக்கு நேரமில்லை, பாட்டைச் சுருக்க வேண்டும். அம்மா பாட்டெழுதிய தாளை விரித்தாள். பிறகு, மெதுவாகப் போகும் நடுப்பகுதியின்மேல், அவளுக்கு ரொம்பப் பிடித்த பகுதியின்மேல், பென்சிலால் குறுக்கே கோடு போட்டாள்.

விழாவில் நாங்கள் கவிழவில்லை. கடைசி அடி என்னுடையது. வலது காலில் சரியாக விழுந்தது. மைதானம் கைதட்டியது. எங்களைப் பார்த்து நின்று கையசைத்துத் தாளம் காட்டிய அம்மா திரும்பிக் கும்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்தபடி அப்படியே நின்றாள். புடவை மடிப்பின்மேல் அவள் விரல்கள் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கைதட்டல் ஓய்ந்து, விருந்தினர் பேசத் தொடங்கிய பிறகும் அவை நிற்கவில்லை.

பாவம், இவ்வளவு நேரம் கையை ஆட்டியதில் நரம்பு இழுக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தைலத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டேன். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சுண்டுவெரலுக்கு இன்னுங் கொஞ்சம் போடு" என்றாள்.