மடியில் இருந்தது ஆப்பிள்தானா?

பாபநாசத்தில் பஸ் ஏறினேன். மடியில், எட்டு மாதமாக வளர்க்கும் கிராப் ஆப்பிள் போன்சாய். படம் போட்டபோது நீங்களெல்லாம் ஹார்ட் விட்டீர்களே, அதேதான். தஞ்சாவூரில் தோழியிடம் காட்டக் கொண்டுபோனேன்.

நடவு முடிந்து வந்த ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் புடவை முள்ளில் மாட்டிக்கொண்டது.

“இலந்தைய ஏம்மா சட்டியில வச்சிருக்கீங்க?”

“இது குளிர்நாட்டு ஆப்பிள் வகைங்க.”

அவர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் வெள்ளை.

“ஒரு முள்ளு நேரா, ஒண்ணு வளைஞ்சு. எங்க வரப்புல இதத்தான் வெட்டி வெட்டிப் போடுறோம்.”

நானும் அதையேதான் செய்கிறேன், சின்னக் கத்தரியால். குளிர்ச்சிக்கு தினமும் இரண்டு ஐஸ் கட்டி வேறு.

இறங்கியதும், இதை எனக்கு விற்ற நர்சரிக்காரருக்கு போன் போட்டேன்.

“ஆப்பிள்தாங்க. நம்ம ஊர்த் தண்ணி குடிச்சா கொஞ்சம் அப்படி மாறிக்கும்.”

குரலில் துளி தடுமாற்றம் இல்லை. அதுதான் உதைக்கிறது.

போன வருடம் அவரிடமே ஒரு ஆலிவ் கன்றும் வாங்கியிருந்தேன். அன்று வீடு திரும்பியதும் அதன் இலையைக் கசக்கி முகர்ந்தேன். நாவல் வாசனை.

ஆலிவ் இலையை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நாவல்தான் என்பவர்கள் மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வாருங்கள்.