மெனிக்கே நோனா காப்பாற்றிய மாடு

பௌர்ணமி தோறும் இங்கே போயா விடுமுறை. அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருவார். என்னைப் பார்க்க அல்ல. வெள்ளைச் சேலை கட்டி, பன்சலை என்கிற புத்த கோயிலில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேராக வீட்டின் பின்பக்கம் போவார். அங்கே கட்டியிருக்கும் மாட்டின் நெற்றியைத் தொட்டு, "அனே, பவ்" என்பார். நம் ஊரில் "ஐயோ, பாவம்" என்போமே, அதுதான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அதற்கு ஊட்டுவார். மாடு உயிரோடுதான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த நிம்மதியோடு போய்விடுவார். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த நான் எத்தனையோ விஷயங்களைப் பார்த்து முழித்திருக்கிறேன். மாட்டை நலம் விசாரிக்க வீடு தேடி வரும் மனுஷியை இங்கேதான் பார்த்தேன்.

அவர் பெயர் மெனிக்கே. நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய போகும் ரோட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடும் அதைச் சுற்றிய வளவும் அவருடையவை. இங்கே சிங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அறுக்கப் போகிற மாட்டை வாங்கி, அதன் உயிரைக் காத்து, வளர்க்கச் சொல்லி இல்லாதப்பட்ட ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். பால் கறந்து குடிக்கலாம். விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அது சாகும்வரை வைத்திருக்க வேண்டும். புண்ணியம் கொடுத்தவருக்கு. தன் கணவர் நோயில் கிடந்தபோது நோனா காப்பாற்றிய மாடு இது. கிரி என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் பால் என்று அர்த்தம். கிழட்டு மாடு, ஒரு சொட்டுப் பால் கிடையாது. வீட்டுக்குச் சொந்தக்காரி கொண்டுவந்து கட்டும்போது என் கணவர் எப்படி வேண்டாம் என்பார்? அவர் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். புல் அறுப்பது, தண்ணீர் வைப்பது, சாணி அள்ளுவது, புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவது எல்லாம் நான். விடுதலை மாட்டுக்கு. கட்டுப்பட்டது நான்.

எங்கள் ஊரில் இப்படி இல்லை. அப்பா வயசான மாட்டைச் சந்தையில் விற்றுவிடுவார். அது கேரளாவுக்குப் போகும் லாரியில் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு இறங்காது. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு கன்றுக்குட்டியோடு வருவார், வீடு கலகலப்பாகிவிடும். அதை இரக்கமில்லாத செயல் என்று சின்ன வயதில் நினைத்ததில்லை. மெனிக்கே நோனாவிடம் சொன்னால் அப்பாவைக் கொலைகாரன் என்பார். சொல்லட்டும். அப்பா தன் மாட்டுக்குத் தானே புல் அறுத்தார்.

போன மழைக்காலத்தில் தம்பி போன் செய்தான். அப்பாவுக்குப் பக்கவாதம், வாய் கோணிவிட்டது, உன்னைத்தான் கேட்கிறார், வந்து பார்த்துவிட்டுப் போ அக்கா என்றான். அவன் குரலிலேயே தெரிந்தது, தள்ளிப்போட முடியாது.

"போகத்தான் வேணும்" என்றார் என் கணவர். "ஆனா கிரிய யாரு பாக்கிறது?"

"நீங்க பாருங்க."

"நான் கடைக்குப் போகாம இங்கன புல்லறுத்துக்கிட்டு இருந்தா மொதலாளி வேற ஆளப் போட்டுருவாரு. மாட்டுக்கு ஏதும் ஆச்சுன்னா நோனா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. கொஞ்சம் பொறு."

"எங்கப்பா பொறுப்பாராங்க?"

 மறுநாள் அவர் டவுனில் பிள்ளையார் கோயிலில் அப்பா பெயருக்கு அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தார்.

நான் நோனா வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அப்பாவின் நிலைமையைச் சொல்லி, நான் திரும்பி வரும்வரை கிரியை உங்கள் வீட்டில் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். நோனா அழுதுவிட்டார். பொய் அழுகை இல்லை. என்னைக் கதிரையில் உட்காரவைத்து, பிளேன்டீயும் கருப்பட்டியும் தந்தார். பன்சலையில் ஓதிய வெள்ளை நூலை என் மணிக்கட்டில் கட்டினார். அப்பாவுக்காக அரசமரத்தடியில் போதி பூஜை செய்கிறேன் என்றார். மாட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முடியாது என்று தலையை ஆட்டினார். உயிர்தானம் செய்ததைத் திருப்பி வாங்கினால் செய்த புண்ணியம் போய்விடுமாம். நான் மாட்டை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றே அவர் புரிந்துகொண்டார். "டிக்கக் தவஸ்", கொஞ்ச நாளைக்குத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் திரும்பத் திரும்ப என் தலையைத் தடவினார். கருணை நிறைந்த கைதான். அதில் சாணி பட்டதில்லை.

வரும் வழியில் கோபத்தில் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த வீட்டுப் பரீனா ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் முருங்கைக் கீரையில் பாதி அவர் சட்டிக்குத்தான் போகும், அதிலும் பூச்சி இருக்கிறது என்று எனக்கே திட்டு விழும்.

"என்ன புள்ள, மூஞ்சி இப்பிடி ஈக்கி?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "அல்லாஹ்வே, இதுக்கா அழுற? நான் புல்லுப் போடுறன், நீ போ" என்றார்.

"உங்க வீட்டுலயே கட்டிக்கங்க ராத்தா. உங்க வளவுல புல்லும் நிறைய இருக்கு."

ராத்தா சிரித்தார். "நல்லாத்தான் செல்லுற. எங்கட ஊட்டுல கட்டினா, அறுத்துத் திண்டுட்டாங்கண்டு பொழுதுபடக்குள்ள ஊரெல்லாம் கதை போகும். பொறகு எங்கட கூரைக்குக் கல்லு வரும். மாடு அங்கயே ஈக்கட்டும். நான் சுபஹு தொழுதுட்டு, ஆக்கள் எழும்ப முந்தி வந்து போட்டுட்டுப் போறன். போயாவுக்கு மட்டும் நான் வர மாட்டன். அண்டைக்கி ஒன்ட மனுசனுக்கு லீவுதானே, அவரு குனிஞ்சி அள்ளட்டும்!"

நான் சிரிக்கவில்லை. என் கணவர் முதலில் பயந்தார், பிறகு சம்மதித்தார். ஆனால் அவரும் சொன்னது இதைத்தான்: "யாருக்கும் தெரியக் கூடாது." பன்சலையில் கருணை என்கிறார்கள், கோயிலில் கருணை என்கிறார்கள், பள்ளிவாசலில் ரஹ்மத் என்கிறார்கள். எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று மேடை போட்டும் பேசுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட ஒரு மாட்டுக்குப் புல் போட, இந்த ரோட்டில் ஒரு பொம்பளை திருடியைப் போல வேலி தாண்டி வர வேண்டியிருக்கிறது. இதை எந்த மேடையில் சொல்வது?

ஊருக்குப் போனேன். அப்பா இருந்தார். பாதி உடம்பு அசையவில்லை, என்னை அடையாளம் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் ராத்தா வீடியோ கால் எடுத்தார். இருட்டு இன்னும் முழுதாக விலகாத எங்கள் வளவு தெரிந்தது. கிரி புல் மென்றுகொண்டிருந்தது.

"பாத்துக்கோ, உசுரோடதான் ஈக்கி" என்றார் ரகசியக் குரலில். "சத்தமாப் பேசாத, ஆக்கள் எழும்பிருவாங்க."

தேனியில் உட்கார்ந்திருந்த நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அப்பா கண்ணைத் திருப்பிப் போனைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தால் அவர் முகம் மாறும். அன்றும் மாறியது.

"யாரு மாடு?" என்றார் குழறலாக.

"நம்ம வீட்டு மாடுப்பா."

அவர் ஜன்னல் வழியாகக் காலியாகக் கிடந்த எங்கள் தொழுவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்த வீட்டு?" என்றார்.

ஒரு கையில் கஞ்சிக் கரண்டி, இன்னொரு கையில் போன். இரண்டில் எதையும் கீழே வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.