ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த பசு

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் மாடுகள் எங்கே மேய்கின்றன என்று நகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து கவனிப்பது அப்போது என் வேலை. கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்த ஓர் அக்கா பதினோரு மாடுகள் வைத்திருந்தார். மந்தைக்கு முன்னால் நடக்கும் கறுப்புப் பசுவின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை ஒன்றை மாட்டியிருந்தேன். பசு இருக்கும் இடம் அரை மணிக்கொரு முறை என் லேப்டாப்பில் புள்ளியாக விழும்.

பெரிய மரங்களுக்கு அடியில் மாடு புல் தின்றால் தோட்டத்துக்கு நல்லதுதான். இளஞ்செம்பனைப் பக்கம் போனால் மட்டையைக் கடித்துவிடும். அங்கே ஒருமுறை நுழைந்தாலும் பதினொன்றையும் தோட்டத்தை விட்டே ஓட்டிவிட வேண்டும் என்று தோட்ட மானேஜர் சொல்லியிருந்தார். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பால் காசில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து வரைபடத்தைத் திறந்தால் புள்ளிகள் பல இளஞ்செம்பனைக்குள் கிடந்தன. எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. காலை ஏழு மணிக்குப் பசு வீட்டிலிருந்து கிளம்புகிறது. செம்மண் சாலையில் நேராகப் போகிறது. பத்து மணிக்குக் கடையருகே நிற்கிறது. இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு நகரவே இல்லை. லீவு எடுக்கும் மாட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனேன்.

அக்காவின் மோட்டார்சைக்கிள் கூடையில், உரக் கையுறைக்கு அடியில் பட்டை கிடந்தது.

"மாட்டுப் பொங்கலுக்குப் பழைய கயித்தெல்லாம் அவுத்துட்டுப் புதுசு கட்டுவோம்லா. இதையும் அவுத்துட்டேன். திருப்பி மாட்ட பயமா இருந்துச்சு, உடைஞ்சிட்டா? உன்னை வழியில பாத்தா குடுக்கலாம்னு கூடையிலயே வச்சிருந்தேன்."

ஒன்பது நாளாக நான் கண்காணித்தது பசுவை அல்ல, இளஞ்செம்பனைக்கு உரம் போடப் போன அக்காவை. விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் அந்த ஒன்பது நாளும் பசு எங்கே போயிற்று?

"ஒரு நாள் உள்ள போயிடுச்சும்மா. நாலு மரத்துல மட்டையைக் கடிச்சிருக்கு. நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். நீ எழுதிக்கோ."

கேட்காமலே இருந்திருக்கலாம். மானேஜருக்கு அனுப்பும் அறிக்கையில், 'பட்டை கழற்றப்பட்டிருந்தது, ஒன்பது நாட்களுக்குத் தகவல் இல்லை' என்று எழுதினேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அக்கா முகமெல்லாம் சிரிப்பாக மோட்டார்சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"நீ எழுதியும் மானேஜர் ஒன்னும் சொல்லலை பாத்தியா! ஆபீஸுக்குப் போயி ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வரேன்."

கூடையைப் பிடித்து நிறுத்தினேன். "அக்கா, நான் அதை எழுதலை."

அவர் என்னைத் திட்டவில்லை. "அப்போ நானே சொல்லிக்கிறேன்" என்று போய்விட்டார். நானும் பின்னாலேயே காரில் போனேன்.

மானேஜர் முழுவதையும் கேட்டார். அந்தப் பக்கம் வேலி போட்டுவிடலாம், மாடுகள் இருக்கட்டும் என்றார். "இனிமே உள்ள போச்சுன்னா நீங்களே வந்து சொல்லுங்கக்கா, அது போதும்" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மானேஜர் என் அறிக்கைகள் இருந்த கோப்பை இழுத்து மேசையில் வைத்தார். "இதுல இன்னும் எத்தனை இடத்துல இப்படி எழுதாம விட்டிருக்கீங்க?"

வேறெங்கும் விடவில்லை. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.